பழைய பிடிஎஃப் ரீடரை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பத்திர எழுத்தர் அலுவலகம் நடத்தும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. அவரது அலுவலகத்தில் விண்டோஸ் 7 கணினி ஒன்றில் அடோபி ரீடர் 9 இருக்கிறது. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் அதில் சரியாகத் தெரிவதால் பத்தாண்டுகளுக்கும் மேலாக அதை மாற்றவில்லை. அப்டேட் செய்தால் ஏதாவது கெட்டுவிடும் என்று சொல்லி, கணினி பழுதுபார்ப்பவர் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்திவைத்திருக்கிறார். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று பலரும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பும் ஸ்கேன் கோப்புகளைப் பார்க்கவும் அச்சிடவும் மட்டுமே அந்த ரீடர் பயன்படுகிறது. வைரஸ் தடுப்பு மென்பொருளும் உண்டு. "வெறுமனே பார்ப்பதால் என்ன ஆகிவிடும், காகிதத்தின் படம்தானே? இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்கிறார். அவருக்கே சொல்வதுபோல் எழுதுகிறேன்.

வெளியிலிருந்து வரும் எந்தக் கோப்பையும் இனி அந்த ரீடரில் திறக்கக் கூடாது என்பதே என் பதில். காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காகிதத்தின் படம் என்ற எண்ணம் கணினியை நன்றாகக் கையாளத் தெரிந்தவர்கள் பலரிடமும் இருக்கிறது. அது இருக்கும் வரை அப்டேட் என்பது வேலைக்கு இடையில் வரும் தொல்லையாகவே தோன்றும்.

அடோபி நிறுவனம் 1993-இல் அறிமுகப்படுத்தி, 2008-இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரமாக ஆன பிடிஎஃப் வடிவத்தில், பக்கத்தின் தோற்றம் ஆயத்தமாக வைக்கப்பட்டிருப்பதில்லை. இந்த எழுத்துருவை எடு, இந்த வடிவத்தை இந்த இடத்தில் வை, சுருக்கி வைத்திருக்கும் இந்தப் படத்தை இந்த முறையில் விரித்துக்கொள் என்று வரிசையாகச் செல்லும் கட்டளைகளே அதற்குள் இருக்கின்றன. ரீடர் அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றி முடித்த பிறகுதான் நீங்கள் பக்கத்தைப் பார்க்கிறீர்கள். காலப்போக்கில் நிரப்பத்தக்க படிவங்கள், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள், ஒலி, ஒளிக்காட்சி, முப்பரிமாண உருவங்கள், டிஜிட்டல் கையொப்பம் என்று பலவும் இந்த வடிவத்துக்குள் சேர்ந்துகொண்டன. ஒவ்வொன்றையும் புரிந்துகொள்ளும் பகுதி ரீடருக்குள் தனியாக எழுதப்பட வேண்டும். அப்படி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி சி, சி++ மொழிகளில் உள்ளது. நினைவகத்தில் எங்கே எவ்வளவு இடம் எடுத்தோம், அதற்குள்தான் எழுதுகிறோமா என்பதை நிரலாளரே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டிய மொழிகள் அவை. அந்தக் கணக்கில் ஓரிடத்தில் தவறினாலும், அந்தத் தவறைத் தேடிப் பிடிக்கும் வகையில் ஒரு கோப்பைச் செதுக்க முடியும்.

நீங்கள் அன்றாடம் பார்க்கும் ஸ்கேன் கோப்புகளிலிருந்தே உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்த பக்கங்களைச் சுருக்கி வைக்க ஜேபிக்-2 என்ற முறை உண்டு. 2001-இல் வந்த பிடிஎஃப் 1.4 முதல் அது பிடிஎஃப் கோப்புகளில் இடம்பெறுகிறது. அதன் உத்தி அழகானது. ஒரு பத்திரத்தில் 'க' என்ற எழுத்து முந்நூறு இடங்களில் வந்தால், முந்நூறு படங்களைச் சேமிக்காமல், ஒரு 'க'வின் படத்தை ஓர் அகராதியில் வைத்துக்கொண்டு, அது வரும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்கிறது. பக்கத்தைத் திரும்ப வரையும்போது, எத்தனை அகராதிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை வடிவங்கள் என்று கோப்பு சொல்லும் எண்களை ரீடர் கூட்டிப் பார்த்து, அவ்வளவுக்கும் போதுமான இடத்தை நினைவகத்தில் ஒதுக்கி, வடிவங்களை அங்கே அடுக்குகிறது.

எண்களைச் சொல்வது கோப்பு என்பதைக் கவனியுங்கள். ரீடர் அந்தக் கூட்டுத்தொகையை 32 பிட் (32 இரும இலக்கங்கள்) அளவுள்ள எண்ணாக வைத்திருந்தால், அதில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 வரைதான் எழுத முடியும். அதைத் தாண்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு மறுபடியும் 00000 காட்டுவதுபோல, கூட்டுத்தொகை சுழன்று சிறிய எண்ணாகிவிடும். ரீடர் அந்தச் சிறிய எண்ணை நம்பிச் சிறிய இடத்தை ஒதுக்கும். அடுக்கும்போதோ கோப்பு தரும் வடிவங்கள் வந்துகொண்டே இருக்கும். பத்துப் பேருக்கு இலை போட்டுவிட்டு ஆயிரம் பேருக்கான சோற்றைப் பரிமாறியதுபோல, மிகுதித் தரவு ஒதுக்கிய இடத்தைக் கடந்து பக்கத்து நினைவகத்தின் மேல் விழும். அங்கே, நிரல் அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பதைக் குறிக்கும் முகவரிகள் இருக்கலாம். அவற்றின் மேல் எது விழ வேண்டும் என்பதை முடிவு செய்பவர் கோப்பை உருவாக்கியவர். அவர் திறமையானவராக இருந்தால், உங்கள் ரீடர் அந்தக் கணத்திலிருந்து அவர் சொல்வதைச் செய்யத் தொடங்கும். உங்கள் பெயரில், உங்கள் கணினியில் உங்களுக்குள்ள அதே உரிமைகளோடு.

இது ஏட்டளவிலான அச்சம் அன்று. 2009 பிப்ரவரியில், அடோபி ரீடரின் ஜேபிக்-2 பகுதியில் நினைவக எல்லையை மீறும் குறைபாடு ஒன்று இருப்பதும், அதைப் பயன்படுத்தும் கோப்புகள் ஏற்கெனவே உலவிக்கொண்டிருப்பதும் வெளியே வந்தன. மென்பொருள் குறைபாடுகளுக்கு எண் கொடுக்கும் சிவிஇ பட்டியலில் சிவிஇ-2009-0658 என்ற எண்ணில் அது பதிவாகியிருக்கிறது. அடோபி பிப்ரவரி 19 அன்று எச்சரித்தது; திருத்தப்பட்ட 9.1 பதிப்பு மார்ச் 10 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட நாட்களில் டிடியே ஸ்டீவன்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் காட்டியது என்னை இன்றளவும் யோசிக்க வைக்கிறது: அத்தகைய கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கவே தேவையில்லை. விண்டோஸ் எக்ஸ்புளோரரில் அதன் மேல் சுட்டியை வைத்தாலோ, சிறுபடத்தோற்றம் உருவானாலோ, தேடலுக்காகக் கோப்புகளைப் பட்டியலிடும் சேவை அதைத் தொட்டாலோ போதும். ரீடரோடு சேர்ந்து நிறுவப்பட்ட துணைப்பகுதிகள் அதே பழுதான நிரலை ஓட்டிவிடும். "சந்தேகமான கோப்பைத் திறக்காதீர்கள்" என்று நாம் எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை இந்த இடத்தில் முழுதாகக் காப்பாற்றாது.

உங்களிடம் இருப்பது ரீடர் 9-இன் எந்த உட்பதிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. 9.0 என்றால் மேற்சொன்ன ஓட்டையே திறந்து கிடக்கிறது. அந்த வரிசையின் இறுதி உட்பதிப்பான 9.5.5 என்றாலும் ஆறுதல் இல்லை. 2013 ஜூனில் ரீடர் 9-க்கான ஆதரவை அடோபி நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட குறைபாடுகளில் எவை பழைய நிரலிலும் இருக்கின்றனவோ அவை எல்லாம் உங்கள் கணினியில் நிரந்தரமாக இருக்கும்.

ஜேபிக்-2 கதை 2009-இல் முடியவில்லை. 2021-இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வு அமைப்பு, சவூதி செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபோனை ஆராய்ந்தபோது, இஸ்ரேலிய நிறுவனமான என்எஸ்ஓ குழுமத்தின் பெகாசஸ் உளவு மென்பொருளைப் புகுத்திய கோப்புகளைக் கண்டெடுத்தது. பெயரில் ஜிஃப் படம் என்று இருந்தது, உள்ளே பிடிஎஃப். ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜ் வழியாக வந்து சேர்ந்ததும், உரியவர் எதையும் தொடாமலேயே, தொலைபேசி அதன் உள்ளடக்கத்தைப் பார்த்து பிடிஎஃப் என்று அறிந்து விரிக்கத் தொடங்கியது. பழுது இருந்த இடம், மேலே நான் விளக்கிய அதே கூட்டல்: அகராதிகளில் உள்ள வடிவங்களின் எண்ணிக்கையைக் கூட்டும்போது எண் சுழன்றுவிடுவது. ஆப்பிள் அந்த ஆண்டு செப்டம்பர் 13 அன்று ஐஓஎஸ் 14.8 வழியாக அதைத் திருத்தியது. பின்னர் மென்பொருள் குறைபாடுகளை ஆராயும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு அந்தக் கோப்பைப் பகுத்து எழுதிய விளக்கத்தைப் படித்தபோது நான் திகைத்துப்போனேன். படத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சேர்ப்பதற்காக ஜேபிக்-2 தரும் எளிய தருக்கச் செயல்களை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகளாகக் கோத்து, கூட்டவும் ஒப்பிடவும் தெரிந்த ஒரு சிறு கணினியையே அந்தப் படத்துக்குள் கட்டியிருந்தார்கள். காகிதத்தின் படம் என்று நாம் நினைப்பதற்குள் அவ்வளவு இடம் இருக்கிறது.

இதில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி வேறொன்று. ஆப்பிள் பயன்படுத்திய அந்த ஜேபிக்-2 நிரல், 1990-களிலிருந்து வரும் எக்ஸ்பிடிஎஃப் என்ற திறமூல ரீடரிலிருந்து எடுத்தது. அதே எக்ஸ்பிடிஎஃபிலிருந்து 2005-இல் பிரிந்து வளர்ந்தது பாப்ளர் என்ற நிரலகம், அதாவது பல மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுதி. லினக்ஸ் கணினிகளில் எவின்ஸ், ஓகுலர் ஆகிய ரீடர்கள் பக்கம் வரைவது அதை வைத்துத்தான். ஆப்பிள் தன் பங்கைத் திருத்திய பிறகும், அதை ஒத்த கூட்டல் பிழை எக்ஸ்பிடிஎஃபில் 4.04 பதிப்பு வரும் வரையிலும், பாப்ளரில் 2022 செப்டம்பரில் 22.09.0 வரும் வரையிலும் இருந்தது. ஆப்பிளின் திருத்தத்துக்கும் பாப்ளரின் திருத்தத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஓராண்டு. ஒரு ரீடரின் பெயரைப் பார்த்து அதன் பாதுகாப்பை முடிவு செய்வதில் பொருளில்லை. உள்ளே யாருடைய நிரல் ஓடுகிறது, அது எந்தத் தேதியுடையது என்பதே கேள்வி. பெயர் தெரியாத இலவச ரீடர்களைப் பரிந்துரைக்க நான் தயங்குவது இதனால்தான். அவற்றுக்குள் இருக்கும் நிரலகத்தை யார், எப்போது புதுப்பிக்கிறார்கள் என்பது வெளியே தெரிவதே இல்லை.

நினைவகக் கணக்குத் தவறுவது மட்டும்தான் வழி என்றும் எண்ணிவிடக் கூடாது. எவின்ஸ் ரீடர் படக்கதைத் தொகுப்புகளையும் திறக்கும். அவற்றில் ஒரு வகை, படங்களை டார் என்ற தொகுப்பு முறையில் கட்டி வைத்தது. தொகுப்பை விரிக்க எவின்ஸ் டார் கட்டளையை அழைத்தபோது, உள்ளே இருந்த கோப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பெயரையே கட்டளையின் விருப்பத் தேர்வுபோலத் தோன்றும்படி எழுதிவிட்டால், டார் அதைப் பெயர் என்று எடுத்துக்கொள்ளாமல் ஆணையாக நிறைவேற்றிவிடும். 2017-இல் இது கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. இதே போன்ற எளிமையோடு, 2024 மே மாதத்தில் ஃபயர்பாக்ஸ் உலாவியின் பிடிஎஃப்.ஜேஎஸ் ரீடரிலும் ஒரு குறைபாடு வெளிவந்தது. எழுத்துருவின் அளவுகளைச் சொல்லும் எண் வரிசையில் எண்தான் இருக்கிறதா என்று சரிபார்க்காததால், அங்கே நிரல் வரியை எழுதிவைத்தால் அது ஓடியது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட ரீடர் என்பதால் நினைவக மீறல்களிலிருந்து அது பெரிதும் தப்பியிருந்தும், இந்த வழியில் அகப்பட்டுக்கொண்டது. ஃபயர்பாக்ஸ் 126-இல் திருத்தம் வந்தது.

இனி அப்டேட்டுக்கு வருகிறேன். "இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே" என்ற உங்கள் வாதத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு திருத்தம் வெளியாகும் நாள், அந்த ஓட்டை உலகுக்கே அறிவிக்கப்படும் நாளும் ஆகும். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து, எந்த வரிகள் மாறியிருக்கின்றன என்று பார்த்தால், எங்கே பழுது இருந்தது என்பது தெரிந்துவிடும். அதைச் செய்வதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. ஆகவே, திருத்தம் வருவதற்கு முன் ஒரு சிலர் மட்டுமே அறிந்திருந்த வழியை, வந்த பிறகு அப்டேட் செய்யாதவர்கள் மேல் எவரும் பயன்படுத்தலாம். பழைய பதிப்பு அப்படியே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வொரு மாதமும் அதன் நிலை மோசமாகிக்கொண்டே போகிறது.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் ஈக்குவேஷன் எடிட்டர் இதற்கு நல்ல சான்று. கணிதச் சமன்பாடுகளைக் காட்டுவதற்கான அந்தச் சிறு நிரல் 2000 நவம்பரில் தொகுக்கப்பட்டு, பதினேழு ஆண்டுகள் கிட்டத்தட்ட அதே வடிவில் ஆபீஸோடு வந்துகொண்டிருந்தது. எழுத்துருவின் பெயர் நீளமாக இருந்தால் நினைவகத்தை மீறி எழுதும் குறைபாடு அதில் கண்டறியப்பட்டு, 2017 நவம்பர் 14 அன்று திருத்தப்பட்டது. சில நாட்களிலேயே தாக்குதல்கள் தொடங்கின. 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அந்த நிரலையே ஆபீஸிலிருந்து நீக்கிவிட்டது. அப்டேட் செய்தவர்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. செய்யாதவர்களுக்கு இன்றும் முடியவில்லை. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா 2020 மே மாதத்தில் வெளியிட்ட, மிக அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட குறைபாடுகளின் பட்டியலில் இது இருந்தது. அதே பட்டியலில், 2012 ஏப்ரலிலேயே திருத்தப்பட்டுவிட்ட இன்னோர் ஆபீஸ் குறைபாடும் இருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்தும் ஒரு பழைய சாவி இவ்வளவு கதவுகளைத் திறக்கிறது என்றால், பூட்டை மாற்றாதவர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

"என்னைப் போன்ற சிறிய ஆளை யார் குறிவைக்கப் போகிறார்கள்?" என்றும் கேட்கத் தோன்றும். பெகாசஸ் போன்றவை தேர்ந்தெடுத்த சிலருக்கானவை என்பது உண்மை. ஈக்குவேஷன் எடிட்டர் குறைபாட்டைப் பயன்படுத்திய கோப்புகளோ, விலைப்பட்டியல், கொள்முதல் ஆணை என்ற பெயர்களில் கண்ணில் படும் முகவரிக்கெல்லாம் அனுப்பப்பட்டன. கடவுச்சொற்களைத் திருடும் ஏஜென்ட் டெஸ்லா, லோகிபாட் போன்ற நிரல்களை அவை இறக்கிவைத்தன. முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் ஆவணங்களைத் திறப்பதுதான் உங்கள் தொழில். வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்கள் அந்தக் கணினியிலேயே இருக்கின்றன. உங்களைக் குறிவைக்க வேண்டிய தேவையே இல்லை, வலை உங்களையும் தாண்டித்தான் விரிக்கப்படுகிறது.

வைரஸ் தடுப்பு மென்பொருளை நீக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை ரீடரின் இடத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. பிடிஎஃபுக்குள் தரவு பல அடுக்குகளாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். எல்லா அடுக்கையும் விரித்துப் பார்த்தாலும், அறியப்பட்ட வகையைத்தான் பெரும்பாலும் வைரஸ் தடுப்பு மென்பொருள் கண்டுகொள்ளும். கடவுச்சொல் இட்ட கோப்பு என்றால் உள்ளடக்கமே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். இ-ஆதார் கோப்பும் வங்கிக் கணக்கறிக்கைகளும் நம்மிடம் கடவுச்சொல்லோடுதான் வருகின்றன. அப்படிப்பட்ட கோப்புகளைக் கடவுச்சொல் கேட்டுத் திறப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. தாக்குபவரும் அதே வழக்கத்தைப் பின்பற்றினால், வழியில் எந்தச் சோதனை மென்பொருளாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. முதன்முதலில் அதை விரிப்பது உங்கள் ரீடராகவே இருக்கும்.

புதிய ரீடரில் திருத்தங்கள் தவிர வேறொரு காப்பும் இருக்கிறது. 2010 நவம்பரில் வந்த ரீடர் எக்ஸ் பதிப்பிலிருந்து விண்டோஸில் அடோபி ரீடர் சாண்ட்பாக்ஸ் என்ற தடுப்புக்குள் ஓடுகிறது. கோப்பை விரித்து வரையும் பகுதிக்கு மிகக் குறைந்த உரிமைகளே தரப்படும். வன்தட்டில் எழுதுவது போன்ற எதையும் அது இன்னொரு காவல் நிரலிடம் கேட்டுத்தான் செய்ய முடியும். அதனால் ரீடருக்குள் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தவர், தடுப்பை விட்டு வெளியேற இரண்டாவது ஓட்டையையும் கண்டுபிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்திய தாக்குதல் முதன்முதலில் 2013 பிப்ரவரியில்தான் நடைமுறையில் பிடிபட்டது. அதுவரை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தடுப்பு தாக்குப்பிடித்திருக்கிறது. உங்கள் ரீடர் 9, இந்த ஏற்பாடு வருவதற்கு முந்தையது. இந்தத் தடுப்பை அடோபி ரீடரில் புரொடெக்டட் மோட் என்பார்கள். அச்சு வரவில்லை, டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கன் வேலை செய்யவில்லை என்றால் "புரொடெக்டட் மோடை அணைத்துவிடுங்கள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். புதிய ரீடரை நிறுவிவிட்டு அந்த அறிவுரையைக் கேட்டால் நீங்கள் திரும்பவும் 2010-க்கு முன்னால் போய்விடுகிறீர்கள். அதைச் செய்யாதீர்கள்.

எழுத்துருவைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு ரீடர் 9 அன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைத்த ஆவணத்தை பிடிஎஃபாக மாற்றியபோது எழுத்துருவும் உள்ளே பதிக்கப்பட்டிருந்தால், எந்த ரீடரும் அதை அப்படியே காட்டும். பதிக்கப்படவில்லை என்றால், அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் மட்டுமே சரியாகத் தெரியும். உங்கள் கணினியில் சரியாகத் தெரிவதற்கு ரீடர் காரணம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். காரணம் அங்கே நிறுவியிருக்கும் எழுத்துருவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரீடரின் ஃபைல் பட்டியலில் புராப்பர்டீஸ் சென்று ஃபான்ட்ஸ் பகுதியைப் பார்த்தால், ஒவ்வோர் எழுத்துருவின் பக்கத்திலும் அது பதிக்கப்பட்டதா என்று காட்டும். பதிக்கப்படாத கோப்புகளுக்கு, அதே எழுத்துருக்களைப் புதிய கணினியில் நிறுவிக்கொண்டால் போதும்.

புதிய கணினி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்துவிட்டது. குரோம் உலாவிகூட 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. ரீடரை மட்டும் புதுப்பிக்கலாம் என்று பார்த்தால், இன்றைய ரீடர் அதில் நிறுவிக்கொள்ளவே மறுக்கும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்திருப்பதால், வாங்குவதானால் விண்டோஸ் 11 ஓடக்கூடியதாகப் பாருங்கள். செலவு இயலாது என்றால், பழைய கணினியிலேயே ஆதரவில் உள்ள உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸை நிறுவுவதை நான் தயங்காமல் சொல்வேன். அங்கே ரீடர், நிரலகங்கள், இயங்குதளம் அனைத்தும் ஒரே இடத்திலிருந்து ஒன்றாகப் புதுப்பிக்கப்படுகின்றன; இந்த வசதி விண்டோஸில் இல்லை.

புதிய கணினியில், வந்த கோப்பைப் பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் இவற்றில் ஒன்றே பெரும்பாலும் போதுமானது என்பது என் கருத்து. உலாவிகளின் பிடிஎஃப் ரீடர்களிலும் குறைபாடுகள் வருகின்றன, மேலே ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவை சாண்ட்பாக்ஸுக்குள் ஓடுகின்றன. சில வாரங்களுக்கு ஒருமுறை தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. மறந்துபோவதற்கு நமக்கு இடம் கொடுப்பதில்லை. இ-ஆதார் போன்றவற்றின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கவும், எக்ஸ்எஃப்ஏ என்ற வகைப் படிவங்களை நிரப்பவும் பெரும்பாலும் அடோபி ரீடர் தேவைப்படும். அந்த வேலைகளுக்காக அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோப்பைச் சொடுக்கினால் இயல்பாகத் திறப்பது உலாவியாக இருக்கட்டும். அடோபி ரீடரின் பிரிஃபரன்சஸ் பகுதியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவையுங்கள். பத்திரத்தின் ஸ்கேன் பிரதிக்கு ஜாவாஸ்கிரிப்ட் எதற்கும் தேவையில்லை. ரீடர் மீது நடந்த தாக்குதல்களில் பல அந்த வழியாகவே நுழைந்தன. 2009-இன் ஜேபிக்-2 குறைபாட்டுக்கும் அணைத்துவைக்கச் சொன்னார்கள், ஆனால் அது தாக்குதலைக் கடினமாக்கியதே தவிர ஓட்டையை அடைக்கவில்லை. அணைப்பது அப்டேட்டுக்கு மாற்று ஆகாது.

ஒரு கணினியில் எத்தனை ரீடர்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் பராமரிப்பில் உதவிய ஓர் அலுவலகத்தில் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்: பதினொரு கணினிகளில் நான்கு வெவ்வேறு பிடிஎஃப் ரீடர்கள் இருந்தன. ஸ்கேனரின் குறுந்தட்டோடு வந்தது ஒன்று, யாரோ பக்கங்களைப் பிரிக்கத் தரவிறக்கியது ஒன்று. இரண்டை எவரும் பயன்படுத்தவே இல்லை. ஆனால் எக்ஸ்புளோரரில் முன்தோற்றம் காட்டும் வேலையை அவற்றில் ஒன்றுதான் செய்துகொண்டிருந்தது. பயன்படுத்தாததை நீக்குவது அப்டேட்டைவிடச் சிறந்தது, இல்லாத நிரலில் ஓட்டை இருக்க முடியாது. வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கும் மென்பொருளையும் இதே கண்ணோடு பாருங்கள். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு விண்டோஸ் 10-ஐப் போலவே 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நம்மிடையே பரவலாக உள்ள டபிள்யூபிஎஸ் ஆபீஸின் விண்டோஸ் பதிப்பிலும், தாக்குதலுக்குப் பயன்பட்ட குறைபாடு ஒன்று 2024-இல் வெளியானது.

அப்டேட் செய்தால் ஏதாவது கெட்டுவிடும் என்று உங்கள் பழுதுபார்ப்பவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. திரை அமைப்பு மாறும். சில நேரம் அச்சிடும் அமைப்பு கலைந்துவிடும். அதற்கு வழி, பத்திரப்பதிவு நெருக்கடி இல்லாத ஒரு நாளில் முதலில் ஒரு கணினியில் மட்டும் புதுப்பித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றில் செய்வது. தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைப்பது அதற்கு வழி அன்று. அப்டேட் எப்போதும் ரீடரின் ஹெல்ப் பட்டியலிலிருந்தோ, உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மட்டுமே வர வேண்டும். இணையப் பக்கம் ஒன்று "உங்கள் ரீடர் பழையது, இங்கே சொடுக்குங்கள்" என்று சொன்னால், அந்தச் சொடுக்கே தாக்குதலாக இருக்கலாம். இப்போதைய அடோபி ரீடரின் பதிப்பு எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிப்பதால், ஹெல்ப் பட்டியலின் அபவுட் பகுதியைத் திறந்தால் உங்கள் ரீடர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

பழைய கணினியை உடனே விட்டுவிட முடியாது என்றால், இன்றைக்கே அதன் இணைய இணைப்பையும் அலுவலக வலையமைப்பின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். வாடிக்கையாளர்களின் பென்டிரைவ் எதையும் அதில் செருகாதீர்கள். வரும் கோப்புகள் எல்லாம் புதிய கணினியிலேயே திறக்கப்பட்டு, அங்கிருந்தே அச்சாகட்டும். பழைய கணினியில் உள்ள உங்கள் சொந்த ஆவணங்களை, ஓய்வான நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக, எழுத்துரு பதிக்கப்பட்ட பிடிஎஃபுகளாக மாற்றி, இதற்கென்றே வாங்கிய ஒரு புதிய பென்டிரைவில் எடுத்து, புதிய கணினியில் சோதித்துவிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். அந்த மாற்றம் முடிந்துவிட்டால், ரீடர் 9 மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று உங்கள் அலுவலகத்தில் எதுவும் மிஞ்சியிருக்காது.